சிவப்பு லேயர்

நாகலூர் தாண்டி இருந்த ஒரு கல் குவாரியில் நான் படம் வரைகிறவனாக இருந்தேன். தொண்ணூறுகளில் மானேஜர் பெங்களூரில் எங்கோ பார்த்துவிட்டு வந்து ஒரு கம்ப்யூட்டரும், பேனாவைப் பிடித்துத் தானே வரையும் பிளாட்டரும் வாங்கிப் போட்டார். அதைத் தொட்ட நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

படத்தை லேயர் லேயராக வரையலாம். பாறை ஒரு லேயர், துளை போடவேண்டிய இடங்கள் ஒரு லேயர், என் குறிப்புகள் ஒரு லேயர். வேண்டாததை மறைக்கலாம், வேண்டும்போது காட்டலாம். வெடிமருந்து வைத்தும் வெடிக்காமல் போன குழிகளைக் குறிப்பு லேயரில் சிவப்புப் பெருக்கல் குறியாகப் போட்டேன். அங்கே மறுபடி டிரில் இறங்கினால் ஆள் மிஞ்சமாட்டான். பாறையில் துளை போடும் எங்கள் டிரில்லர் வாழவந்தி ஊர்க்காரர், படிக்கத் தெரியாதவர். "செவப்பு இருந்தா கிட்டவே போகமாட்டனுங்க" என்பார். தினமும் காலையில் என்னிடம் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைப்பார்.

ஒருநாள் சேலத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். "என்னய்யா இது, அம்மை போட்ட மாதிரி? அந்தச் செவப்பையெல்லாம் எடு" என்றார் மானேஜர். இரண்டு பட்டனைத் தட்டி எல்லாவற்றையும் மறைத்தேன். மானேஜர் வாயைப் பிளந்து பார்த்ததில் எனக்கு அப்படியொரு பெருமை. அந்தப் பெருமையில் லேயரைத் திரும்பக் காட்ட மறந்து தொலைத்தேன். மறுநாள் காலை டிரில்லருக்குப் போன தாளில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

பத்து மணிக்கு ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி உடைந்து என் மேசையில் விழுந்தது. ஓடினேன். பாறையில் ரத்தம் தெளித்திருந்தது. டிரில்லரின் முகத்தில் கல்துகளும் சதையும் கலந்து கிடந்தன. இரண்டு கைகளும் மணிக்கட்டோடு போயிருந்தன. ஆனாலும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

டிரில்லரை ஏற்றிய வண்டி கிளம்பியதும் மானேஜர் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "லேயரைப் போட்டு ஒரு ஷீட் எடு. அவன்கிட்ட குடுத்தது இதுதான். பழசு சட்டையோட கருகிப்போச்சு."

நான் எடுத்தேன். குடும்பம் இருந்தது, வேலை போய்விடும் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. பயந்தேன், அவ்வளவுதான். பிளாட்டர் கிரீச் கிரீச்சென்று ஒவ்வொரு சிவப்புக் குறியாகப் போட்டது.

பிளாட்டர் நின்றதுமே டிரில்லரின் தம்பி கடப்பாறையோடு வந்து கதவைப் பெயர்த்தான். மானேஜர் அந்தத் தாளை அவன் முன்னால் விரித்தார். அவன் குனிந்து பார்த்தான். கடப்பாறை கீழே சாய்ந்தது.

"இத்தன செவப்பு இருந்தும் பாக்காமயா போனான்" என்று சொல்லிச் சுவரில் நெற்றியை மோதினான். ரத்தம் வழிந்தது. மறுபடி மோதினான்.

"குடிச்சிருப்பான்" என்றார் மானேஜர்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. தாளின்மேல் உள்ளங்கையை வைத்து இழுத்தேன். ஈரம் காயாத சிவப்பு நீளமாகத் தீற்றியது. "இது இப்பப் போட்டதுங்க. காலையில குடுத்ததுல செவப்பே இல்ல. நான்தான் மறைச்சேன்."

கடப்பாறையின் முதல் அடி என் தாடையில் விழுந்தது. மூன்று பற்கள் தரையில் கிடந்தன. அடுத்தடுத்த அடிகள் மானேஜருக்கு. அவர் அலறுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன், பாவம் என்று தோன்றவில்லை.

தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சில நாள் கழித்து நான் தாடையில் கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டிரில்லரின் கட்டிலருகே நின்றேன். அவர் கண்களையும் கட்டியிருந்தார்கள். என் குரலைக் கேட்டதும் திரும்பினார்.

"சாமி, அன்னிக்குப் பேப்பருல செவப்பு இருந்துச்சுங்களா? எல்லாரும் இருந்துச்சுங்கறாங்க. நானும் நொம்ப நேரமா நெனச்சு நெனச்சுப் பாக்கறனுங்க."

"இல்லைங்க. நான் மறைச்சுட்டேன்."

நீளமாக மூச்சு விட்டார். "அப்ப நான் பாத்துட்டுத்தான் போயிருக்கறேன்" என்றார். பிறகு மனைவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இந்தாள வெளிய போகச் சொல்லு."