மச்சான் சத்தம் போட்டதும் நான் ஓடினேன்

எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராக வேலை பார்த்தவன் நான். அக்கா வீட்டுக்காரருக்கு எழுபது வயது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைத்தவர்; உரசினால் பொறி பறக்கும் என்று அங்கே இரும்பை உள்ளே விடமாட்டார்கள். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபோது, விருதுநகர் ஆஸ்பத்திரியில் நான் துணைக்கு இருந்தேன்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தார். மச்சான் அலறினார்: "இரும்போட உள்ள வராத! வெடிக்கப் போகுது, ஓடுங்கலே!"

பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த எங்கள் பக்கம், 'ஓடு' என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. வார்டில் துணைக்கு இருந்த எல்லோரும் ஓடினோம். வாசலில் திரும்பிப் பார்த்தால், மச்சானும் கட்டிலை விட்டு இறங்குகிறார். நர்ஸ் ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்திருக்கிறார்.

"நல்லா ஓடுனீக அண்ணாச்சி! விழுந்திருந்தா இன்னொரு ஆபரேஷன். வயசானவகளுக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் இப்படிக் குழப்பம் வரும். டாக்டரைக் கூப்பிடுறேன். இவுக கண்ணாடி எங்க? கண்ணு சரியாத் தெரியலேன்னா குழப்பம் கூடும்."

என் சட்டைப்பையில் இருந்தது. மாட்டிவிட்டேன். "மச்சான், இது ஆஸ்பத்திரி" என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், "ஏலே மாப்ள, எனக்கென்ன கண்ணு தெரியாதா?" என்று திட்டினார். தெளிந்துவிட்டார்.

இப்போது சொந்தத்தில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் துணைக்கு நான்தான். கண் விழித்ததும் கண்ணாடியை மாட்டிவிடுவேன். பேச்சு மாறினால் உடனே நர்ஸிடம் சொல்வேன். ஓடச் சொன்னால், முதலில் புகை வாசனை வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் கட்டிலை விட்டு நகர மாட்டேன்.