மல்லாட்டை பைக்கு வந்த காக்கை

எங்கள் வீட்டு ஓவனுக்கு ஒரே ஒரு நாள்தான் கெடு இருந்தது. மறுநாள் காலை திண்டிவனத்துச் சித்தி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்குள் நான் சுடும் மூன்றாவது பை வாயில் வைக்கிற மாதிரி இருந்தால் மட்டும் ஓவன் செஞ்சியிலேயே இருக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

இந்தப் பை அமெரிக்காவின் தென்பகுதி வீடுகளில் சுடுகிற இனிப்பு. மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து தட்டில் கிண்ணம் மாதிரி பரப்பி, உள்ளே முட்டை, பாகு, பீக்கன் என்கிற கொட்டை எல்லாம் கலந்து ஊற்றிச் சுடுவார்கள். பீக்கனுக்கு நான் எங்கே போவேன்? எங்கள் பக்கம் மல்லாட்டைக்குத்தான் பஞ்சமில்லை. நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வறுத்து, தோல் ஊதி, வெல்லப்பாகோடு சேர்த்தேன்.

முதல் பையைக் கடித்துப் பார்த்த நைனா, கோட்டைச் சுவரில் ஒரு கல் பெயர்ந்து கிடக்கிறது, இதைக் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிடலாம் என்றார். இரண்டாவது பையின் பாகு இறுகாமல் ஓவனுக்குள் வழிந்தது. ஒரு வாரம் எறும்புகள் உள்ளே குடித்தனம் நடத்தின.

மூன்றாவதற்குக் கிடைத்த நாள் அமாவாசை. அன்றைக்கு எங்கள் வீட்டில் முட்டை வாசலைத் தாண்டாது. பையோ மூன்று முட்டை கேட்கிறது. முட்டை போடாமல் சுடுவதாக அம்மாவிடம் சொல்லிவைத்தேன். நான் முட்டைகளை ஹெல்மெட்டுக்குள் வைத்துக் குளியலறைக்குக் கடத்திக்கொண்டு போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு சொம்பில் உடைத்து ஊற்றினேன். ஓடுகளைப் பேப்பரில் சுற்றி ஜன்னல் மேல் சொருகினேன். மறுநாள் விடிந்ததும், அமாவாசை கழிந்த பிறகு, அம்மாவுக்கு முதல் துண்டு. சித்தி பஸ் இறங்குவதற்குள் தீர்ப்பு. திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நினைத்தேன்.

பை பொன்னிறமாக வந்தது. வீடே மணத்தது. அதுதான் வினையாகிவிட்டது. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அம்மா ஒரு துண்டை வெட்டி, படையல் இலையில் வடைக்குப் பக்கத்தில் வைத்து, மொட்டை மாடிக்கே கொண்டுபோய்விட்டார். காக்கை சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்குச் சோறு. காக்கையாக வருவது தாத்தா, அதாவது நைனாவின் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது.

சொல்லிவிட்டால் ஓவன் போய்விடும். சொல்லாவிட்டால் தாத்தாவின் விரதம் போய்விடும். நான் முழித்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. சோற்றைப் பார்த்தது. வடையை ஒரு தள்ளு தள்ளியது. பையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நைனா குளியலறையிலிருந்து அந்தப் பேப்பர் பொட்டலத்தோடு மாடியேறி வந்தார்.

"இன்னா இது?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஹெல்மெட்டைக்கூட விடவில்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எந்தச் சொம்பு?"

"சாமி சொம்பு இல்லம்மா."

அம்மா மூச்சு விட்டார். ஆனாலும் முகம் தெளியவில்லை. நைனா காக்கை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா எல்லா அமாவாசைக்கும் பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆம்லெட் சாப்ட்டுட்டுதான் படையலுக்கு வருவாரு. வெளிய சொன்னா தோலை உரிச்சிருப்பாரு, அதான் சொல்லல."

அதற்குள் காக்கை திரும்பி வந்து, காலியான இடத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கரைந்தது. அம்மா கீழே போய் இன்னொரு துண்டு கொண்டுவந்து வைத்தார். அதுவும் போனது. மூன்றாவதையும் வைத்துவிட்டு, போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ வராத. ஓவன் மாமாவுக்கு வேணுமாம்."

யார் மாமா என்று சித்தி கத்தியது எனக்கே கேட்டது.

"என் மாமனாருடி," என்றார் அம்மா, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதோ, சாப்ட்டுனு இருக்காரு."