மூச்சு வாங்கும் இடம்

"இந்த நடனத்தைப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான்" என்று அந்த நாயனக்காரரிடம் இன்று நான் சொல்லவில்லை.

கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் சாவி எங்கள் குடும்பத்திடம் இருக்கிறது. அதன் கல்யாணக் கூடத்தில்தான் என் நவீன நடனத்தை அமைக்கிறேன். எட்டு மாதமாகப் போனில் ஒரே தோடி ராக ஆலாபனை. தாளம் கிடையாது. பாடகர் மூச்சு வாங்கும் இடங்களை மனப்பாடம் செய்து, அங்கே காலை வைக்கிறேன்.

கோயிலில் வாசித்துவிட்டு, அடுத்த வாரம் இங்கே நடக்கும் கல்யாணத்துக்கு இடம் பார்க்க வந்த நாயனக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"தோடியா? போனை அமத்துங்க. நான் வாசிக்கிறேன், ஆடுறீகளா?"

அவர் வாசித்தார். ஒரு காலைத் தூக்கியபடி, அவர் மூச்சு வாங்கக் காத்திருந்தேன். ஒரே ஸ்வரம் நீண்டுகொண்டே போனது. கால் நடுங்கியது. கடைசியில் அவர்தான் நாயனத்தை இறக்கினார்.

"என்ன தாயி, காலைக் கீழ வைக்க மாட்டீகளா? நீங்க வைப்பீகன்னுதான் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். உசுரு போகுது!"

மறுபடி வாசித்தார். நான் நினைத்த இடத்தில் காலை வைத்தேன். ஸ்வரமும் கூடவே இறங்கியது.

இப்படி உங்களுக்காக யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்களா? சொல்லுங்கள், பொறாமைப்பட வசதியாக இருக்கும்.

அவர் காரைக்குடி பஸ்ஸில் ஏறிப் போன பிறகு, போனில் அதே ஆலாபனையைப் போட்டு, நினைத்த இடத்தில் காலை வைத்தேன். பாடகர் அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போனார்.