வலது பக்கத்து ஜாலரா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வலது காது கொஞ்சம் மந்தமாகிறதோ என்று என் மனைவி ஒருநாள் பயந்து பயந்து கேட்டபோது, "எங்காதுக்கு என்ன கேடு? ஸ்பீக்கர் ஒயருதான் தண்டம்!" என்று சீறினேன். உள்ளுக்குள் எனக்கே நடுக்கம்தான். பாட்டு இல்லாமல் இருக்க முடியாத ஆள் நான். மிளகைக் காயப்போட்டுவிட்டு வந்து ஆம்ப்ளிஃபயர் முன்னால் நாற்காலியில் சாய்ந்தால்தான் எனக்கு அன்றைய பொழுது பொழுதாகும். காது போய்விட்டால் என்ன செய்வேன்?

கொஞ்ச காலமாகவே வலது ஸ்பீக்கரில் ஜாலரா மங்கலாகக் கேட்டது. ஸ்பீக்கர் ஒயரை மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. மலைக்கு வரும் கரண்ட் சுத்தமில்லை, அதுதான் சத்தத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி, சேலத்துக் கடைக்காரர் பாம்புப் பருமனில் ஒரு பவர் கேபிளைக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டுக்கு ஏறினேன். கூட வந்த மனைவி அன்றைக்கும் இடது ஜன்னல் சீட்டுக்கு அடம்பிடித்தாள். "ஒவ்வொரு தடவையும் உன்னோட இதே ரோதனை" என்று கொண்டை ஊசி வளைவு முடியும்வரை முணுமுணுத்தேன்.

கேபிளை ஆம்ப்ளிஃபயரில் மாட்டியதும் ஜாலரா தெளிந்துவிட்டது! சத்தியமாக அப்படித்தான் கேட்டது. அப்பாடா, காதில் ஒன்றுமில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பலாப்பழம் தின்ன மைத்துனன் முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்தான். கட்டுகிற வீடுகளுக்கு ஒயரிங் செய்பவன். விடுவானா?

"ஏனுங்க மாமா, போஸ்ட்டுல இருந்து ஊடு வரைக்கும் சாதா கம்பியிலதான் கரண்டு வருது. கடைசி நாலு முழத்துல இது என்னத்தங்க வடிகட்டும்?"

"காதுன்னு ஒண்ணு இருந்தா கேட்டுப்போட்டுப் பேசு மாப்ளே" என்று பாட்டைப் போட்டேன். கண்ணை மூடித் தலையாட்டினேன். "பாத்தியா? அந்தக் கேபிளு இல்லீன்னா இந்த ஜாலரா வருமா?"

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். "அந்தக் கேபிளு பத்து நாளா சோத்துக் குக்கர்லதானுங்க கெடக்குது. குக்கர் ஒயர எலி கடிச்சுப்போட்டுது. ரெண்டுக்கும் பின்னால ஒரே மாதிரி ஓட்டை. உங்க பெட்டிக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒயர மாட்டி உட்டேன்."

மைத்துனன் சிரிப்பை அடக்க மாட்டாமல் வெளியே ஓடினான். குக்கரில் சோறு வெந்ததோ இல்லையோ, நான் வெந்தேன். திட்ட எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கேபிளே இல்லாமல் ஜாலரா தெளிந்தது என்றால், அது தெளியவே இல்லை. நான்தான் தெளிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மனைவி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். "பெட்டிக்கு முதுகக் காட்டி உக்காருங்க."

உட்கார்ந்தேன். இதுவரை நன்றாக இருந்த இடது ஸ்பீக்கர் இப்போது என் வலது காதுப் பக்கம் வந்தது. அதில் ஜாலரா மங்கிவிட்டது. நான் திட்டித் தீர்த்த வலது ஸ்பீக்கரோ இடது காதுப் பக்கம் கணீரென்று பாடியது. ஒயரில் ஒன்றுமில்லை. ஸ்பீக்கரிலும் ஒன்றுமில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"ஒரு வருசமாத் தெரியுமுங்க. சொன்னா எரிஞ்சு உழுவீங்க. அதான் ரோட்டுலயும் பஸ்ஸுலயும் உங்களுக்கு எடது பக்கமாவே வாரேன். அப்பத்தான் நாம் பேசுறது உங்களுக்குக் கேக்கும்."

அழுகை வந்தது. அழுதேன்.

மறுநாள் காது டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம். பஸ் வந்து நின்றதும் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், இடது ஜன்னல் சீட்டில் என் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்தேன்.