மிஞ்சிப்போன அரை மூட்டை யூரியா

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். மக்காச்சோளத்துக்குப் போட்டது போக அரை மூட்டை யூரியா மிஞ்சியது. வாய் பிரித்த மூட்டை மழைக்காலத்தில் கட்டியாகிவிடும் என்று, அதை அவரைக் காட்டில் இறைத்துவிட்டேன். இங்கே எல்லோரும் செய்வதுதான்.

பத்தே நாளில் செடிகள் கருகருவென்று தழைத்தன. போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் காடு என் ஓரகத்தியுடையது. அவள் யூரியா போடவில்லை, செடிகள் வெளிறியிருந்தன. அதில் ஒன்றைப் பிடுங்கினேன். வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சுகள்.

“வேர்ல கட்டி வந்திருக்குது பாரு. உன் காடு தேறாது” என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அவளுக்குக் கூடை கூடையாய்க் காய்த்தது. எனக்கு வெறும் இலைதான்.

பார்க்க வந்த வேளாண்மை அலுவலர் என் செடியைப் பிடுங்கினார். வேர் மொட்டையாக இருந்தது. பிறகு ஓரகத்தியின் செடியிலிருந்து ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு.

“இது நோவு இல்லீங்க. இதுக்குள்ள இருக்கிற நுண்ணுயிருங்கதான் காத்துல இருந்து தழைச்சத்தை எடுத்துச் செடிக்குக் குடுக்குது. நீங்க யூரியாவைக் கொட்டினதும், செடி இதுங்களைச் சேர்க்காமயே விட்டுருச்சுங்க. கொட்டின சத்தெல்லாம் காய்க்குப் போகாம இலைக்கே போயிருச்சு.”

அன்று மாலை ஓரகத்தி ஒரு பை அவரைக்காய் கொண்டுவந்தாள். “குழம்புக்கு வெச்சுக்கோங்க அக்கா” என்றாள். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மிஞ்சிய யூரியா கட்டியானால் ஆகட்டும் என்று இப்போது விட்டுவிடுகிறேன். அவரை பூக்கும் முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கிறேன். யாராவது “காடு என்னா பச்சைங்க!” என்று சொன்னால், உடனே இன்னொரு செடியையும் பிடுங்கிப் பார்க்கிறேன்.