சட்டை உரிக்கும் வரை

சிலந்தி என்றால் எங்கள் வீட்டில் உடனே விளக்குமாற்றைத் தேடுவார்கள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக விவசாய வளாகத்தில், பூச்சி மாதிரிகள் வைத்திருக்கும் அறையில், சிலந்திகளை இனம் பிரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது என் கணவர், "உதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று கேட்டார். குடுக்கிறாங்கள்தான். காலையில் கோட்-டெ-நெய்ஜிலிருந்து மெத்ரோ ரயில், பிறகு பஸ், பிறகு நாள் முழுக்க நுணுக்குக்காட்டிக்குக் கீழே செத்த சிலந்திகள். உயிரோடு வந்தது ஒன்றே ஒன்றுதான்.

ஆஸ்திரேலியாவிலிருந்து துறைமுகத்துக்கு வந்த ஒரு மண் கிண்டும் இயந்திரத்தின் சில்லில் ஒட்டியிருந்த மண்கட்டிக்குள் அது இருந்தது. எந்தப் பக்கத்து மண் என்று அறிய, துறைமுகப் பரிசோதகர்கள் சிலந்தியின் சரியான பெயரைக் கேட்டு எங்களிடம் அனுப்பினார்கள். பாதிப் பெயர் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கவட்டெலும்புச் சிலந்தி. கோழியின் நெஞ்சில் இருக்கும் கவட்டெலும்பைப் போல இரண்டாகப் பிரியும் வளையைத் தோண்டுவது. ஒரு கிளைக்கு வாசல் உண்டு, மற்றது மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே மூடியபடி நின்றுவிடும். மண் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் விட்டேன். கண்ணாடியை ஒட்டியே தோண்டினாள், உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்தது.

மீதிப் பெயர்தான் கரைச்சல். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு இனங்கள் உண்டு. நிறம், கால், மயிர், எதிலும் வித்தியாசம் பிடிக்க முடியாது. ஆண் என்றால் முன்பக்க உறுப்புகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இவள் பெண். பெண் என்றால் வயிற்றுக்குள் இருக்கும் இரண்டு சின்ன விந்துப் பைகளைப் பார்க்கவேண்டும். ஓர் இனத்தில் அவை விரல் மாதிரி நேராக இருக்கும், மற்றதில் நுனி உருண்டிருக்கும். அதைப் பார்க்க, கொன்று வெட்டவேண்டும்.

எங்கள் அறைக்குப் பொறுப்பான பேராசிரியை வெட்டத்தான் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அரை உலகம் தாண்டி உயிர் தப்பி வந்தவளை நான் ஏன் கொல்லவேண்டும்? இந்த வகையில் பெண்கள் வளர்ந்த பிறகும் சட்டை உரிப்பார்கள், அந்தப் பைகளின் உள்தோலும் உரித்த சட்டையோடு வந்துவிடும், அதை ஊறவைத்து விரித்தால் பெயர் கிடைக்கும் என்று கெஞ்சினேன். ஈஸ்டர் விடுமுறை முடியும்வரை தவணை தந்தார். அதற்குள் உரிக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை வெட்டுவது என்று முடிவு.

பக்கத்து மேசையில் வண்டுகள் பார்க்கும் மன்னார் அண்ணைக்கு இது பெரிய பகிடி.

"என்ன பிள்ளை, உன்ர மருமகள் இண்டைக்காவது சாப்பிட்டவவோ?"

"இல்லை அண்ணை. வாசலையும் அடைச்சுப்போட்டா. உரிக்கப்போறா போல."

"உரிக்கிறாவோ, தவக்காலம் அனுட்டிக்கிறாவோ, ஆருக்குத் தெரியும்!"

பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நான் எங்கள் தமிழ்க் கோயிலில் பாடகர் குழுவில் நிற்கவேண்டும். தொட்டியில் 'தொடாதேங்கோ' என்று மூன்று பாஷையில் ஒட்டிவிட்டுப் போனேன். அண்ணை எப்படியும் தான் உயிரோடு வளர்க்கும் வண்டுகளுக்குச் சாப்பாடு போட வருவார் என்று எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தால் தொட்டியில் மண் கிளறியிருந்தது. என் மேசையில் ஒரு ஸ்பிரிட் குப்பி. அதற்குள் அவள்.

"மல்லாக்கக் கிடந்தவ, பிள்ளை," என்றார் அண்ணை, எனக்கு உதவி செய்த முகத்தோடு. "தூரிகையால தொட்டுப் பாத்தன், அசையேல்லை. பழுதாகமுந்தி ஸ்பிரிட்டில போட்டிட்டன்."

எங்கள் அறையில் எல்லாருக்கும் கையோடு ஊறிய பழக்கம் அது. செத்தது எதுவானாலும் அழுகமுதல் ஸ்பிரிட்டில் போடவேண்டும். ஆனால் வண்டு மல்லாந்தால் பெரும்பாலும் செத்துவிட்டது என்று அர்த்தம். இந்தச் சிலந்தி சட்டை உரிப்பதே மல்லாந்து கிடந்துதான்.

நுணுக்குக்காட்டியில் வைத்தேன். முதுகுச் சட்டை முன்பக்கம் மூடி மாதிரித் திறந்திருந்தது. பழைய கால்களுக்குள்ளிருந்து புதுக்கால்கள் வெளுப்பாக, பாதி வெளியே வந்திருந்தன.

"உங்களுக்கென்ன விசரோ!" என்று கத்திவிட்டேன். "எனக்கொரு ஃபோன் அடிக்கேலாதோ? தொடாதேங்கோ எண்டு மூண்டு பாஷையில ஒட்டினனான்!"

"தொடாதேங்கோ எண்டது உயிரோட இருந்தால் எண்டு நினைச்சன், பிள்ளை."

அழுகைதான் வந்தது. வெட்டினேன். நுனி உருண்ட பைகள். பழைய உள்தோல் ஏற்கெனவே கழன்று தனியாக இருந்தது. பெயர் சொல்ல அந்தத் தோல் ஒன்றே போதும், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பேராசிரியைக்குச் சந்தோஷம். பரிசோதகரும் தொலைபேசியில் மெர்சி, மெர்சி என்று நன்றி சொன்னார்.

பின்னேரம் அண்ணை என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நான் ஒருக்காப் பாக்கட்டோ?"

எழும்பி இடம் விட்டேன். கனநேரம் குனிந்து பார்த்தார்.

"அப்ப, நான் தூரிகையால தொடேக்கை..."

"ஓம் அண்ணை," என்றேன். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் குரல் உயரவில்லை. "உயிரோடதான் இருந்தவ. பாதி வெளியில வந்திட்டா."

அவர் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.