யாருக்குப் போகும் அந்த எண்?

மோதிர விரலின் ஓரத்தில் ஊசியைக் குத்தி, துளி இரத்தத்தைச் சோதனைப் பட்டையில் தொட்டு வைத்த பிறகுதான் ஜெபசுதா மடிக்கணினியைத் திறப்பாள். அவளுக்கு இப்போது சர்க்கரை இல்லை. இரண்டாவது மகளைச் சுமந்தபோது வந்தது, பிரசவத்தோடு போய்விட்டது. ஆனால் கர்ப்பிணிகள் சர்க்கரை அளவைப் பதிந்துவைக்கும் கைபேசிச் செயலியை வடிவமைப்பவள் அவள். ஒரு பொத்தானை இடம் மாற்றினாலும் வலிக்கிற விரலால் அதை அழுத்திப் பார்த்தாக வேண்டும். "நல்ல வெரலால அமுக்குனா எல்லாம் லேசாத்தான் இருக்கும்" என்பாள்.

சாயர்புரத்துக்காரி, அப்பா தலைமையாசிரியர். அவளுடைய செயலியில் சிவப்பே கிடையாது. "சிவப்பப் பாத்தா பெயிலான மாதிரில்லா இருக்கும்!" அளவு கூடினால், "நர்ஸிடம் பேசலாமா?" என்று நீல எழுத்தில் ஒரு வரி வரும். உணவுப் பட்டியலில் ஓட்ஸை எடுத்துவிட்டுக் கம்மங்கஞ்சியையும் சாளை மீன் குழம்பையும் சேர்த்தவளும் அவள்தான்.

செயலியைச் சோதித்துப் பார்க்க இருபது கர்ப்பிணிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் முத்துக்கனி அவர்களில் ஒருத்தி, ஆறாம் மாதம். மூன்று வாரமாக அவள் பதிந்ததெல்லாம் ஒரே எண், நூற்றுப்பத்து. ஜெபசுதா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கே போனாள்.

"ஏளா, நெசத்தச் சொல்லு. குத்திப் பாக்கியா இல்லியா?"

"வெரல்ல உப்புப் பட்டு எரிஞ்சாலும் பாக்கேன்க்கா. எரநூறு காட்டுது. ஆனா நான் போடுதது எங்க வீட்டுக்காரர் போனுக்கும் போகுதுல்லா? கூடிட்டுன்னா மாமியா மத்தியானக் கஞ்சிய நிறுத்திருதாக. வெறும் வயித்தோட உப்பு வார முடியுமா?"

மறுநாள் ஜெபசுதா அந்த எண்களை அச்சடித்து, நிறுவனத் தலைவர் மதுசூதனனின் மேசைமேல் வைத்தாள். கணவர்களுக்குத் தகவல் போவதை நிறுத்த வேண்டும் என்றாள்.

"குடும்பத்துக்குத் தெரியாம எப்படிம்மா? உங்களால முடியலைன்னா வேற ஆள்கிட்டதான் குடுக்கணும்."

"குடுங்க சார். இந்த நூத்திப்பத்தெல்லாத்தையும் சேத்துக் குடுங்க. பயந்து போட்ட நம்பர வச்சு எந்த டாக்டர் வைத்தியம் பாப்பாரு? வயித்துல கெடக்க புள்ளைக்கு என்னமும் ஆச்சுன்னா, ஆப் நல்லா ஓடிச்சின்னு சொல்லுவியளா? அவ சம்மதிக்காம யார் போனுக்கும் போகக் கூடாது. இல்லன்னா நான் செய்யல."

அவர் காகிதத்தில் இருந்த நூற்றுப்பத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். "சரி, எடுத்துருங்க" என்றார்.

ஜெபசுதா அன்றே அதை எடுத்துவிட்டு முத்துக்கனிக்குப் போனில் சொன்னாள். அடுத்த நாள் காலை முத்துக்கனியிடமிருந்து முதல் உண்மை வந்தது: இருநூற்றுப்பன்னிரண்டு. செவிலியர் ஷெர்லி உடனே அழைத்துப் பேசினார். மருத்துவர் இன்சுலின் தொடங்கினார். மூன்றாம் வாரம் அளவு இறங்கி நின்றது. கஞ்சி நிற்கவில்லை.

போன செவ்வாயன்று முத்துக்கனியைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்த அவள் கணவன் வேல்ராஜ், ஆஸ்பத்திரி வாசலில் ஜெபசுதாவைப் பார்த்ததும் தன் கைபேசியை நீட்டினான். "மேடம், இவ சுகர் கணக்கு இப்பல்லாம் எனக்கு வரமாட்டேங்கு. பழையபடி போட்டுக் குடுங்க."

ஜெபசுதா அதைக் கையில் வாங்கவில்லை. முத்துக்கனி நின்ற பக்கம் முகவாயை உயர்த்திக் காட்டினாள்.